5 நாள் ஐஸ் நிக்கும் எண்டு விக்கிற கூலர் பெட்டி: வாங்க முதல் இதப் படிங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தூண்டிலுக்குப் போறாக்கள், பாசிக்குடாவில வெளிநாட்டாக்கள ஏத்தி போட் ஓடுற தம்பிமார், குடும்பத்தோட அறுகம்பைப் பக்கம் போய் ரெண்டு நாள் நிண்டு வர ஐஸ் பெட்டி தேடுறாக்கள், எல்லாருக்கும்தான் இத எழுதுறன். கச்சான் காத்து தொடங்கிட்டு, கடலும் படுத்துக் கிடக்கு, எல்லாரும் பெட்டி தேடுற நேரம், அதப் பாத்து நான் வாங்கி ஏமாந்த அதே பெட்டிய பேஸ்புக்கில கழிவு விலை எண்டு திரும்பப் போட்டிருக்காங்க. தயவு செஞ்சு கொஞ்சம் பொறுத்து இத வாசிச்சிட்டு காசக் குடுங்க.

வித்தாக்களுக்குக் கடையும் இருக்கு, பேஸ்புக் பக்கமும் இருக்கு. முறைப்பாடு குடுத்திருக்கிறதால பேர் போடல்ல. எனக்குச் சொன்னது இதுதான்: ரொட்டோமோல்ட் பெட்டி, சுவருக்குள்ளயும் மூடிக்குள்ளயும் 2 அங்குலத்துக்கு பொலியூரித்தேன் போம், 50 லீற்றர், 5 நாள் ஐஸ் நிக்கும், 1 வருச வொரண்டி. விலை 38,500 ரூபா. மூடிக்குள்ளயும் போம் இருக்கா எண்டு ரெண்டு தரம் கேட்டன், "ஓம் அண்ணன், சுத்தி வர போம்தான், யோசிக்காம எடுங்க" எண்டு பதில் வந்திச்சு. அந்த வட்ஸ்அப் குரல்பதிவு இன்னும் என்ட போன்ல கிடக்கு.

ரொட்டோமோல்ட் எண்டா என்னெண்டு தெரியாதாக்களுக்குச் சொல்றன், ஏனெண்டா அந்தச் சொல்ல வச்சித்தான் விக்கிறாங்க. பொலித்தீன் தூள அச்சுக்குள்ள போட்டு சூடாக்கிச் சுத்துவாங்க, அது உருகி அச்சு முழுக்க ஒட்டி, பொருத்து இல்லாத ஒரே துண்டா வரும், பிறகு நடு இடைவெளிக்குள்ள போம் அடிச்சு நிரப்புவாங்க. அதாலதான் அது பாரமா இருக்கும், விலையும் கூட. அமெரிக்காவில யெட்டி எண்ட கம்பனி 2006ல தொடங்கி இந்த வகைப் பெட்டிய பிரபலமாக்கினது, அதுக்குப் பிறகு அதே வடிவத்துல கன பேர் செய்றாங்க, அதுல நல்ல பெட்டியும் இருக்கு. எனக்கு வந்தது வடிவத்த மட்டும் பாத்து அடிச்ச ரெண்டு மெல்லிசான பிளாஸ்டிக் கூடு, ஒண்டுக்குள்ள ஒண்டு செருகி விளிம்பில பூட்டியிருக்கு. வெளியால பாத்தா வித்தியாசமே தெரியாது.

முதல் தரம் வாழைச்சேனைப் பக்கத்தால மச்சான்மாரோட போனம். முதல் நாள் ராவு 8 மணி போல 15 கிலோ ஐஸ் உடைச்சுப் போட்டு மூடினது, சாமத்துல இறங்கினம், விடியக்குள்ள நல்ல பிடி, சூரை, பாரை, கொஞ்சம் விளைமீன். பகல் 12 மணிக்கு கரைக்கு வந்து மூடியத் திறந்தா ஐஸ் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள மீன் மிதக்குது, தண்ணிக்கு மேல சின்னச் சின்ன வெள்ளை உருண்டை கூட்டமா மிதக்குது. கையில எடுத்து நசுக்கிப் பாத்தன், ரிஜிபோம், டிவிப் பெட்டிக்குள்ள வாற வெள்ளைச் சாமான், அவங்க சொன்ன பொலியூரித்தேன் இல்ல. தண்ணி விடுற ஓட்டைப் பக்கத்தால சுவருக்குள்ள இருந்து உதிர்ந்து வந்திருக்கு. சூரையின்ட செவுள் கபில நிறமாப் போய், வயிறு அமத்தினா விரல் உள்ள போகுது.

பக்கத்துப் போட்ல வந்த காக்கா ஒராள் சாதாரண ரிஜிபோம் பெட்டிக்குத் தாறுபோலின் சுத்திக் கட்டி வச்சிருந்தார், எங்களுக்கு முதலே இறங்கினவர், அவர்ட பெட்டிக்குள்ள கட்டி கட்டியா ஐஸ் கிடந்திச்சு. எங்கட பெட்டியப் பாத்திட்டு அவர் சொன்னது ஒண்டுதான், "தம்பி, மூடிய ஒருக்காத் தட்டிப் பாருங்க." தட்டினன், வெறும் தகரப் பேணி மாதிரிச் சத்தம்.

வீட்ட வந்து மூடிய வாளால அறுத்தன். உள்ளுக்கு ஒண்டுமே இல்ல, வெறும் காத்து, அதோட உள்பக்கமெல்லாம் தண்ணி வேர்த்துப் போய் நிக்குது. சுவருக்குள்ள ஒரு அங்குலம் கூட இல்லாத ரிஜிபோம் பலகை, அதுவும் மூலைக்கு எட்டாம வெட்டிச் செருகினது. மூடி ஓரத்துல றப்பர் எண்டு இருந்தது ஒட்டின பஞ்சுப் பட்டி, அது ஒரு பக்கம் கழண்டு தொங்குது. கொளுக்கியில காந்தம் வச்சன், டக்கெண்டு ஒட்டிச்சு, துருப்பிடிக்காத ஸ்டீல் எண்டு சொன்னது சும்மா இரும்புக்கு முலாம், ஒரே ஒரு தரம் உப்புத் தண்ணி பட்டதுக்கே ஆணித் தலையெல்லாம் செம்மண் நிறம்.

அறுத்த மூடிய டேப் ஒட்டி திரும்ப வச்சிட்டு இன்னொண்டும் செஞ்சு பாத்தன், கடைக்காரர் என்ன சொல்லுவார் எண்டு தெரியும்தானே. இதுக்குள்ள 10 கிலோ ஐஸ், பக்கத்து வீட்டு மீன் யாவாரி அண்ணன்ட ரிஜிபோம் பெட்டிக்குள்ள 10 கிலோ ஐஸ், ரெண்டையும் விறாந்தையில நிழலுக்க வச்சு, காலம 6 மணியில இருந்து பின்னேரம் 6 மணி மட்டும் திறக்கல்ல. பிறகு உருகின தண்ணிய போத்தலால அளந்தன். இதுல 6 லீற்றர், அதுல 3 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. 38,500 ரூபாப் பெட்டி, மோட்டர் சைக்கிளுக்குப் பின்னால கட்டுற பெட்டியில பாதியளவுதான் தாங்குது.

கடைக்குப் போனன். முதல் சொன்னது ஐஸ் குறையப் போட்டிருப்பீங்க எண்டு. பிறகு வெயிலுக்க வச்சிருப்பீங்க. போட்ல வெயில் இல்லாம வேற என்ன இருக்கு, கடலுக்குக் கொண்டு போகத்தானே வித்தீங்க எண்டு கேட்டன். கடைசியா மூடிய அறுத்தா வொரண்டி இல்லயாம். அறுக்க முதல் எடுத்த போட்டோ, ரிஜிபோம் உருண்டை மிதக்கிற வீடியோ எல்லாம் காட்டினன், முதலாளி வரட்டும் எண்டு அனுப்பிட்டாங்க, அதுக்குப் பிறகு போனும் எடுக்கல்ல, வட்ஸ்அப்பிலயும் புளொக். வொரண்டி அட்டைய வீட்ட வந்து வடிவாப் பாத்தா அதுல கம்பனி விலாசமும் இல்ல, இறக்குமதி செஞ்சவர்ட பேரும் இல்ல.

காசு போனது ஒரு பக்கம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது மீன் விசயத்துல. சூரை, கெளவல்லா, கும்பளா மாதிரி மீன் 4 பாகைக்கு மேல கன நேரம் கிடந்தா அதுக்குள்ள ஹிஸ்டமின் எண்ட சாமான் உண்டாகும், அது பிறகு பொரிச்சாலும் போகாது, ஆணம் காய்ச்சினாலும் போகாது, திரும்ப ஐஸ்ல வச்சாலும் போகாது. திண்டாக்களுக்கு முகம் சிவந்து, உடம்பு தடிச்சுக் கடிச்சு, தலையிடி, வாந்தி எண்டு வரும். மணத்த வச்சும் எல்லா நேரமும் கண்டுபிடிக்க ஒண்ணா. நாங்க சூரை முழுக்க தாட்டம். இதே பெட்டிய நம்பி போட் ஓடுற ஒரு தம்பி வெளிநாட்டாக்களுக்கு மீன் சுட்டுக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

ஒரு கணக்குச் சொல்றன். 1 கிலோ ஐஸ் உருகக்குள்ள உறிஞ்சிற சூடு, 3 கிலோ மீன 30 பாகையில இருந்து 0க்குக் கொண்டு வரக் காணும். அப்பிடி இருந்தும் நம்மட மாதிரிச் சூடான இடங்கள்ல மீனுக்குச் சமனா ஐஸ் போடச் சொல்றது ஏன், மிச்ச ஐஸ் முழுக்க சுவராலயும் மூடியாலயும் வாற சூட்டுக்குத்தான் செலவாகுது. அப்ப நீங்க பெட்டிக்குக் குடுக்கிற காசு சுவருக்கும் மூடிக்கும்தான். போத்தல் திறக்கிற கொக்கி, மீன் அளக்கிற கோடு, கப் வைக்கிற குழி இதுகளுக்கு ஒரு சதமும் கூடக் குடுக்காதீங்க.

அதால கடையில மூடியத்தான் முதல் தட்டிப் பாருங்க, நிரம்பினதுக்கும் வெறுமைக்கும் சத்தம் நல்லா விளங்கும். வெளி நீளத்தையும் உள் நீளத்தையும் டேப்பால அளந்து கழிச்சுப் பாதியாக்கினா சுவர்ட தடிப்பு வந்திடும், அத அளக்க விடமாட்டம் எண்டா வெளிய வாங்க. மூடி றப்பர் பிரிட்ஜ் கதவுல இருக்கிற மாதிரி தவாளிப்புக்குள்ள இறுக்கின றப்பரா இருக்கோணும், ஒரு கடதாசித் துண்ட வச்சு மூடி இழுத்தா லேசா வரப்படாது, நாலு பக்கமும் இழுங்க. கொளுக்கிக்குக் காந்தம் கொண்டு போங்க. தண்ணி விடுற ஓட்டையில உள்ளுக்கு ஒரே குழாயா இருக்கா, இல்லாட்டி ரெண்டு கூட்டுக்கும் நடுவில வெளியாக் கிடக்கா எண்டு லைட் அடிச்சுப் பாருங்க, என்ட பெட்டிக்குத் தண்ணி போய் ரிஜிபோம் ஊறினது அதாலதான். 5 நாள் எண்டு போட்டா எப்பிடி எடுத்த கணக்கு எண்டு கேளுங்க. பொதுவா நிறைய ஐஸ் போட்டு, முதலே குளிராக்கி, நிழல்ல வச்சு, திறக்காம எடுக்கிற கணக்கு அது, நம்மட போட்ல நல்ல பெட்டிக்கே அந்தளவு வராது.

அவ்வளவு காசு இல்லாதாக்கள் தடிப்பான ரிஜிபோம் பெட்டிய வாங்கி வெள்ளைத் தாறுபோலின் சுத்தி, மேல ஈரச் சாக்குப் போட்டுப் பாவியுங்க, ஒரு நாள் போக்குவரத்துக்குத் தாராளம். போட் செய்ற பாஸ்மார்ட்ட பைபர் பெட்டி அடிச்சு எடுக்கிறதெண்டா ஒண்டு கவனம், பைபருக்குப் பூசுற பொலியெஸ்டர் ரெசின் நேரா ரிஜிபோம்ல பட்டா ரிஜிபோம் கரைஞ்சிடும், கூட்டத் தனியா அடிச்சுக் காஞ்ச பிறகு போமச் செருகச் சொல்லுங்க. குடிக்கிற தண்ணி, சோடாவுக்கு வேற சின்னப் பெட்டி வையுங்க, மீன் பெட்டிய அடிக்கடி திறந்தா எந்தப் பெட்டியும் தாங்காது.

நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில குடுத்திட்டன், பில், குரல்பதிவுட எழுத்து வடிவம், மூடி அறுத்த போட்டோ எல்லாம் சேத்து. 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கோணும், கதைக்கிறதெண்டா 1977க்கு எடுங்க. பில் தராட்டிக் கேட்டு வாங்குங்க, அதுல ரொட்டோமோல்ட், போம் தடிப்பு எல்லாம் எழுதுவிச்சு எடுங்க. வெள்ளை உடம்பு, சாம்பல் கொளுக்கி, மூடிக்கு மேல கரடிப் படம், அதே பெட்டிய ஆராவது வாங்கியிருந்தா மூடியத் தட்டிப் பாத்திட்டு பில்லோட எனக்கு மெசேஜ் போடுங்க, 3 மாசம் முடிய முதல் எல்லாரும் சேந்து குடுப்பம்.