கத்திரியில் நடக்க ஏலகிரியா, கொல்லிமலையா, கொடைக்கானலா?

மே மாதம் வந்தாலே சென்னையில் ஆளுக்கொரு மலையைச் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே காலையில் எத்தனை மணி வரை நடக்க முடியும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், அவ்வளவுதான் கணக்கு.

முதலில் ஏலகிரி. உயரம் சுமார் 1,100 மீட்டர். சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் மலை வந்துவிடும், லீவே போட வேண்டாம். ஆனால் சென்னையில் 40 அடிக்கும் நாளில் இங்கே 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு விடியும் முன்பே கிளம்பி எட்டரைக்குள் இறங்கிவிட்டால் அருமை. போன வருஷம் நாங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம், பாதி வழியில் தண்ணீர் காலி, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது, இதற்கு மெரினாவிலேயே நடந்திருக்கலாம் என்று மச்சான் புலம்பினான்.

கொல்லிமலையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், வளைவுகள் மட்டும் 70. அதற்கு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இங்கேதான் சிக்கல். மற்ற மலைகளில் கஷ்டமான ஏற்றம் காலைக் குளிரிலேயே முடிந்துவிடும். இங்கே ஜாலியாக இறங்கி, குளித்து, பசியோடு உச்சி வெயிலில் ஏறுகிறோம். முந்நூறாவது படியில் என் தொடை தனியாக ஆட ஆரம்பித்தது. கோடையில் அருவியும் மெலிந்துதான் விழும். பலாவுக்கும் மிளகுக்கும் போகலாம், அருவிக்கு மழைக்காலம் கழிந்து போங்கள்.

கொடைக்கானல் 2,100 மீட்டர். நாள் முழுக்க நடக்கலாம், மதியம் மூன்று மணிக்கும் வியர்க்காது. ஆனால் மே மாதத்தில் ஏரியைச் சுற்றி நடப்பது தி.நகரில் தீபாவளிக்கு முந்தின நாள் நடப்பது மாதிரி. அதனால் ஊருக்குள் தங்காமல் பூம்பாறை பக்கம் போய்விடுங்கள். பள்ளத்தாக்குச் சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற இடம் இது. பூண்டு காயப்போட்டிருக்கும் வீட்டைத் தாண்டினால் ஜாக்கெட்டில் கூட வாசனை ஏறிவிடும், வீட்டுக்கு வந்து துவைத்தும் எனக்குப் போகவில்லை. அப்புறம் மன்னவனூர் புல்வெளி. அங்கே நடப்பதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

செலவும் அலைச்சலும் இதில்தான் கூடுதல். ராத்திரி ரயிலில் கொடை ரோடு, அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். சொந்த வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேறு. சாயங்காலம் திடீர் மழை பெய்யும், குடை வேண்டும்.

எந்த மலையானாலும் காட்டுக்குள் போகும் தடத்துக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் நம்ம ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

எனக்கு மூன்று நாள் கிடைத்தால் பூம்பாறை. ஞாயிறு மட்டும்தான் என்றால் ஏலகிரி, அதுவும் இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு.