எட்டுச் சில்லில் கல்லடிப் பாலம்

மட்டக்களப்பில், கல்லடி உப்போடையில் எங்கள் வீடு. புளியந்தீவில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை. இடையில் மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது அந்த நாலு லீற்றரும் அப்பா படுவான்கரை வயலுக்குப் போய்வரவே காணாது. அந்த நேரத்தில்தான், ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் அனுப்பிய பெட்டிக்குள் கிடந்த இன்லைன் ஸ்கேட்டை, அதாவது அடியில் ஒரே வரிசையில் சில்லுப் பூட்டின சப்பாத்தை, எடுத்துத் தூசி தட்டினேன். அவள் பாவித்தது. பெற்றோல் பிறகு தாராளமாக வந்தும் நான் அதைக் கழற்றவில்லை.

கெட்டிப் பிளாஸ்ரிக் கூடு, ஒரு கொக்கி, ஒரு பட்டி, உள்ளே மெத்தைக் காலுறை. காலுக்கு நாலாக எட்டுச் சில்லு. எங்கள் தெரு அரிசிக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், சோடி மூன்றரைக் கிலோ. சில்லில் 80 மில்லிமீற்றர், 82 ஏ என்று அச்சடித்திருக்கிறது. முதலாவது விட்டம், இரண்டாவது சில்லின் கடினம். கடின எண் குறையக் குறையச் சில்லு மென்மை. மென்மையான சில்லு றோட்டின் அதிர்வை உறிஞ்சும், ஆனால் கெதியாகத் தேயும். எங்கள் ஊருக்கு 82 சரியாகவே இருக்கிறது.

சைக்கிளில் பதினொரு நிமிசம் எடுக்கிற பாதை இதில் பதினாலு. நடந்தால் நாற்பது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும்போது அந்தப் பதினாலு இருபதாகும். பின்னேரம் அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

உண்மையில் இந்தச் சாமானின் தரத்தைத் தீர்மானிப்பது றோட்டுதான். பிரதான வீதி காபட் போட்டது. வாவிக்கு மேலே 2013இல் திறந்த புதுக் கல்லடிப் பாலமும் வழுவழுப்பு. அதில் கால் வைத்தால் ஒரு தள்ளலுக்கு ஐந்தாறு மீற்றர் தானாக ஓடும். பாலத்தின் மூட்டுகளில் மட்டும் ஒரு காலை முன்னுக்கு வைத்துக் கடக்க வேண்டும், இரண்டு காலையும் ஒரே வரியில் வைத்தால் தட்டும். எங்கள் ஒழுங்கை கிறவல். அதில் ஓடவே ஏலாது. செருப்போடு நடந்து வந்து, சந்திக் கடை வாங்கில் இருந்து மாட்டுகிறேன். கொக்கியும் பட்டியும் இறுக்க இரண்டு நிமிசம். செருப்பு பேக்குக்குள் போகும். அந்த இரண்டு நிமிசத்தையும் கணக்கில் சேர்க்காமல் யாரும் இதை வாங்கக் கூடாது.

விழுந்தது ஒரு தரம், நன்றாகவே விழுந்தேன். ட்ரக்டரில் மண் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வளைவில் ஒரு கூடை அளவு சிந்திவிட்டுப் போயிருந்தார்கள். கல் என்றால் சில்லு துள்ளும், மண் என்றால் அப்படியே பிடித்து நிறுத்திவிடும். உடம்பு மட்டும் முன்னே போகும். மணிக்கட்டுக் காப்பு போட்டிருந்தபடியால் உள்ளங்கையில் இருந்த பிளாஸ்ரிக் தட்டு றோட்டில் உரசி வெள்ளைக் கீறலானது, கை தப்பியது. ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் எப்போதும் போடுகிறேன். பாலத்தடியில் வலை வீசுகிற ஐயா ஒருவர் இப்போது காலையில் என்னைக் கண்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "புள்ள, அங்கால மண் கிடக்கு, பாத்துப் போ."

பிரேக் வலது குதியில் இருக்கிற ரப்பர் கட்டை. வலது காலை முன்னுக்கு நீட்டி, விரல்ப் பக்கத்தை உயர்த்தினால் கட்டை றோட்டில் அழுந்தும். நிற்க நாலைந்து மீற்றர் வேண்டும், ஓட்டோவுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவர்களுக்கு இது காணாது. ஒன்பது மாதத்தில் கட்டை தேய்ந்து போனது. இங்கே எந்தக் கடையிலும் மாற்றுக் கட்டை இல்லை. சப்பாத்துத் தைக்கிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய கட்டையை லொறி டயர்த் துண்டின் மேல் வைத்துப் பேனையால் சுற்றிக் கீறி, கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டி, நடுவில் துளை போட்டுப் பூட்டித் தந்தார். "மறுகா தேஞ்சா கொண்டாங்க மகள், வெட்டித் தாறன்." கொஞ்சம் கீச்சிடும். பழையதைவிட நன்றாகப் பிடிக்கிறது.

பெயரிங்தான் கடற்கரை ஊரில் பெரிய செலவு. சில்லுக்கு இரண்டாகப் பதினாறு. உப்பும் மணலும் புகுந்தால் கிழமைக்குள் கரகரக்கும். இதற்கு இறக்குமதிச் சாமான் தேடி நான் ஒரு மாதம் அலைந்தேன், தேவையில்லை. இது சாதாரண 608 பெயரிங், 8 மில்லிமீற்றர் துளை, 22 வெளி விட்டம், 7 அகலம். சின்ன மோட்டர்களிலும் இதே அளவு வருகிறது. காத்தான்குடியில் மோட்டர் வைண்டிங் செய்கிற கடையில் எடுத்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள், தகர மூடி மணலைத் தடுக்காது. பெட்டியில் ஏபெக் எண் பெரிதாக இருந்தால் வேகம் என்று கடைகளில் சொல்வார்கள். அந்த எண் உற்பத்தித் துல்லியத்துக்கு உரியது. மணல் புகுந்தால் எந்த எண்ணும் ஒன்றுதான்.

சில்லு உட்பக்கமாகத்தான் தேயும், ஏனென்றால் பக்கவாட்டில் தள்ளித்தான் ஓடுகிறோம். ஒன்றாவதை மற்றக் காலின் மூன்றாவதற்கும், இரண்டாவதை நாலாவதற்கும் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பூட்ட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவின் திண்ணையில் இருந்து அதைச் செய்கிறேன், அவ ஆணிகளைச் சிரட்டையில் போட்டு வைத்திருப்பா.

ஒரு அலுவலகத்தில் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். நான் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். வெளியே வைத்தால் யார் பொறுப்பு என்பதற்குப் பதில் இல்லை. சைக்கிளுக்குத் தரிப்பிடம் இருக்கிறது, இதற்கு இல்லை. இது எனக்கு இன்னும் மனவருத்தம்.

மாரியில் ஓட முடியாது. நனைந்த றோட்டின் வெள்ளைக் கோட்டில் சில்லு சறுக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை எனக்குப் பஸ்தான்.

வாங்குகிறவர்கள் சப்பாத்து இலக்கத்தை நம்பாமல், சுவரோடு குதியை ஒட்டி நின்று கால் நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து பார்த்து வாங்குங்கள். என் கால் 24.5. அரைச் சென்ரிமீற்றர் பெரிதாக வாங்கின சிநேகிதி ஒருத்திக்குக் கணுக்கால் ஆடி, இரண்டு கிழமையில் அவள் விட்டுவிட்டாள்.