கடல் ஆராய்ச்சியும் கடற்பாசி வளர்ப்புப் பயிற்சியும் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் குவிவதா, கரை நெடுகப் பரவுவதா?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, பிறகு மண்டபம் முகாமில் இயங்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டல மையம் இங்கேயே இருக்கிறது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையமும் மண்டபத்தில்தான்.

ஆய்வகங்கள் இப்படிக் குவிந்தால் துறை தாண்டிய யோசனை சீக்கிரம் பிறக்கும். கடலில் கடல்விரால் மீன் வளர்க்கும் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை கட்டினால் மீன் கழிவின் சத்தைப் பாசி உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு மீன் தெரிந்தவரும் பாசி தெரிந்தவரும் அடிக்கடி சந்திக்க வேண்டும்.

ஆனால் கைப்பழக்கம் அப்படிப் பரவாது. பாசி வளர்ப்பையே பாருங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி, ஆக 60 கிலோ. 45 நாளில் அறுவடை. இறுக்கிக் கட்டினால் தண்டு அறும், தளர்ந்தால் அலை உருவிவிடும். அடியில் வலை இல்லையென்றால் மீன் மேய்ந்துவிடும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக முடியும்.

கடலும் ஒன்றல்ல. பாக் விரிகுடாப் பக்கம் வடகிழக்குப் பருவத்தில் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்கில். மண்டபத்தில் எழுதிய பாசி வளர்ப்பு நாள்காட்டி பாக் விரிகுடாக் கரையில் உள்ள தொண்டிக்கு அப்படியே பொருந்தாது. ஆராய்ச்சி குவியட்டும், செயல்விளக்க மிதவை மட்டும் ஊருக்கு ஊர் வேண்டும்.