45 வெள்ளிக்குக் கீரையா என்று கேட்டவள் எழுதுவது

என் 54ஆவது பிறந்தநாளுக்கு மகள் சேலை எடுத்துத் தருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றாள். பினாங்குத் தீவில் இருக்கும் பாலிக் புலாவில், மெழுகும் சாயமும் வைத்துத் துணியில் பாத்தேக் ஓவியம் வரையும் ஓர் அம்மா, தன் வீட்டுத் தோட்டத்தில் விளைவதை வைத்துச் சனிக்கிழமை மட்டும் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போடுகிறாராம். ஆளுக்கு 45 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அப்படி என்ன போடுவார்கள் என்று கேட்டேன். "கீரை, வாழைப்பூ, மரவள்ளி" என்றாள். அன்று இரவு முழுக்கப் புலம்பினேன். பன்னிரண்டு வெள்ளிக்கு வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிற ஊரில் கீரைக்கு 45 வெள்ளியா? கொள்ளை!

புலம்ப எனக்கு உரிமை உண்டு. பிறை என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 19 வருடம் கேன்டீன் நடத்தினவள் நான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து 200 பிள்ளைகளுக்கு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டியிருக்கிறேன். ஒரு தட்டைப் பார்த்தால் போதும், அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கேஸ் எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அதனால் இதில் ருசியோடு கணக்கும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு மூன்று நாள் முன்பே அந்த ஓவியர் அக்காவிடமிருந்து வாட்சாப் வந்தது. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்ற கேள்வி சரி, எல்லாரும் கேட்பதுதான். அடுத்த கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "யாருக்காவது கிட்னியில் கல், வேறு கோளாறு உண்டா?" என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை கல் வந்திருக்கிறது. எதற்குக் கேட்கிறார் என்று பார்த்தால், அவர் ரசத்துக்குப் புளி போடுவதில்லை. தோட்டத்தில் காய்க்கும் பெலிம்பிங் என்ற புளிப்புக் காயை நசுக்கிப் போடுகிறார். அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், கல் உள்ளவர்களுக்கு ஆகாது. அதனால் எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாகப் புளி ரசம் வைத்திருந்தார். வீட்டில் காய்த்தது, இயற்கையானது, அதனால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல் கேட்டு ஊற்றும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

புரட்டாசி இரண்டாவது சனி. பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போதே மழை. துன் சார்டோன் மலைச் சாலையின் வளைவுகளில் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றி, நடுவில் ஒருமுறை வண்டியை ஓரம் கட்டினோம். டுரியான் பழக் காலம் முடிந்துவிட்டதால் வழியில் பல கொட்டகைகள் காலியாக இருந்தன.

எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சமையலறைச் சாக்கடையைத்தான். பழக்கதோஷம். இங்கே சாக்கடை சுத்தம். டைஃபாய்டு ஊசி போட்ட அட்டை சுவரில் ஆணியடித்துத் தொங்கியது, பக்கத்திலேயே ஒரு மீன்கொத்திப் படம். மெழுகு காய்ச்சும் அடுப்பு பின்னால் தனிக் கொட்டகையில். சாயச் சட்டிகளின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார், குழம்புச் சட்டியோடு மாறிவிடக் கூடாதே என்று. இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசி வந்தது.

மஞ்சள் செடியைக் காட்டியபோது, படத்துக்கும் இதைத்தான் பயன்படுத்துவீர்களா என்று மகள் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டார். "மஞ்சளில் சாயம் ஏற்றினால் வெயில் பட்டதும் வெளுத்துப் போகும்மா. படத்துக்குக் கடைச் சாயம்தான். மஞ்சள் குழம்புக்கு மட்டும்." எல்லாவற்றையும் இயற்கை இயற்கை என்று சொல்லி விற்கிற காலத்தில் இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அரசாங்கம் கொடுக்கும் மைஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்த்தேன். இல்லையாம். அதனால் ஆர்கானிக் என்ற சொல்லை அவர் எங்கேயும் போடுவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, வெங்காயம் எல்லாம் கடையில் வாங்கியதுதான் என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். இலைகளில் நத்தை கடித்த ஓட்டை இருந்தது. மருந்து அடிக்கவில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

முதலில் வந்தது சங்குப்பூத் தண்ணீர். நீலமாக இருக்கும், லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த சீனத் தம்பதி உட்பட ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இது வேலி முழுக்கக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் வந்த ஜாதிக்காய்த் தண்ணீர்தான் சரக்கு. ஜாதிக்காய் என்றால் நமக்குக் கொட்டைதான் தெரியும். பாலிக் புலாவில் சதையையும் விடமாட்டார்கள். அதை மெல்லிசாக வெட்டிக் கற்கண்டோடு கொதிக்க வைத்து, ஆறவைத்து, அசாம் போய் என்ற உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம் ஒன்று போட்டுக் கொடுத்தார். துவர்ப்பும் காரமும் தொண்டையில் நின்றது. மலைப்பாதைத் தலைச்சுற்றல் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார், நம்பலாமா என்று தெரியவில்லை.

இலை போட்டது 12.30க்கு. சோறு வந்தது 1.25க்கு. நடுவில் சுவரில் இருந்த படங்களைப் பற்றிப் பேச்சு. 1950களில் இதே பினாங்கில் சுவா தியான் தெங் என்ற ஓவியர் மெழுகையும் சாயத்தையும் வைத்து ஓவியம் செய்த கதை, மெழுகு ஊற்றும் சாந்திங் கருவியைப் பிடிக்கும்போது கை நடுங்கினால் என்ன ஆகும் என்ற கதை. சுவாரசியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பசித்தவன் முன்னால் காலி இலையைப் போட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது. இலையைக் கடைசியில் போட்டிருக்கலாம்.

வாழைப்பூப் பொரியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். எட்டுப் பேருக்கு மூன்று பூ. ஒவ்வொரு மடலாக உரித்து, அடியில் இருக்கும் சீப்பை எடுத்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்ற வேகாத நரம்பைக் கிள்ளிப் போட்டு, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் நறுக்க வேண்டும். கை பழகியவளுக்கே ஒரு பூவுக்கு முக்கால் மணி நேரம். 19 வருடத்தில் நான் கேன்டீனில் ஒருநாள்கூட வாழைப்பூ செய்ததில்லை, செய்யவும் முடியாது. இவர் விடியற்காலை ஆறு மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். கையைக் காட்டினார், வாழைக்கறை எது, சாயக்கறை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொரியலில் தேங்காயும் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தவிர வேறெதுவும் இல்லை. துவர்ப்பை முழுக்கப் போக்காமல் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் விட்டிருந்தார். பருப்புப் போட்டு மறைத்துவிடுவது சுலபம், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

மரவள்ளிக் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் மஞ்சளும் சிலி பாடி என்ற காரமான குட்டி மிளகாயும் போட்டு வைத்திருந்தார், மலாய்க்காரர்களின் மாசாக் லெமாக் மாதிரி. கொழுந்தை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகுதான் பால் ஊற்றுவாராம். அதில் சயனைடு ஆகும் சத்து இருப்பதால் பச்சையாக வாயில் வைக்கக் கூடாது. உப்புதான் பத்தவில்லை. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம். பெலிம்பிங் ரசம் நன்றாகப் புளித்தது, இரண்டு தடவை வாங்கினேன். பிஞ்சுப் பலாக்காய்க் குழம்பு சுமார்.

இப்போது குறை. புரட்டாசிச் சனி, நாங்கள் சைவம் என்று மகள் வாட்சாப்பில் எழுதியிருந்தாள். வல்லாரை, உலாம் ராஜா என்ற கீரை எல்லாம் பச்சையாகத் தட்டில் வந்தது, கூடவே தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பால். தொட்டு வாய் அருகே கொண்டு போகும்போது மூக்கு சொல்லிவிட்டது, பெலாச்சான், அதாவது புளிக்கவைத்த இறால் விழுது. அக்கா பதறிப் போய்விட்டார். அவர் வழக்கத்தில் கோழி, மீன் இல்லையென்றால் சைவம், பெலாச்சான் கணக்கில் வராது. "தங்கச்சி, மன்னிச்சிடுங்க" என்று உடனே மாங்காய் போட்டு வேறு சம்பால் இடித்துக் கொடுத்தார். நான் மறந்துவிட்டேன், வீட்டுக்காரர் வீடு வந்து சேரும் வரைக்கும் மறக்கவில்லை.

கடைசியில் ரஸ்தாளி வாழைப்பழத்தில் பெங்காட், அதாவது தேங்காய்ப்பால் பாயசம், செய்வதாக இருந்தாராம். முந்தின நாள் குரங்குக் கூட்டம் வந்து தாரையே காலி செய்துவிட்டது. அதனால் அன்று காலை தோண்டிய மரவள்ளிக் கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மேலே குலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகு ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் மரவள்ளி அவித்ததே இல்லை. பாட்டி கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் மூன்றரை வருடம் அரிசி கிடைக்காமல் காலையும் மாலையும் மரவள்ளிதான். சண்டை முடிந்த பிறகு அந்தக் கிழங்கை வீட்டு வாசலுக்குள் விடமாட்டார். யாராவது கொண்டு வந்து கொடுத்தால் வாங்கி, அவர்கள் தலை மறைந்ததும் கோழிக்குப் போடுவார். அம்மாவும் அப்படியே. நான் கிரிப்பேக் தின்றிருக்கிறேன், பொட்டலத்தில் விற்கிற வறுவல். அவித்த கிழங்கை அன்றுதான் முதல் முறையாக வாயில் வைத்தேன். மாவு மாதிரி உதிர்ந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுத்தது. தோண்டி இரண்டு நாள் போனால் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும், அதனால்தான் பாசாரில், அதாவது சந்தையில், வாங்குவது இப்படி இருப்பதில்லை என்றார் அக்கா. பாட்டிக்குத் தேங்காயும் வெல்லமும் கிடைத்திருக்காது, வெறும் கிழங்குதான் என்று அப்போது தோன்றியது. இன்னொரு துண்டு கேட்டேன். மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கணக்கு. எட்டுப் பேர், 45 வெள்ளி, மொத்தம் 360. கடைச் சாமானும் கேஸும் என் மதிப்பில் 70 போகட்டும். மிச்சம் 290. அக்காவும் உதவிக்கு ஒரு பெண்ணும் காலை ஆறு முதல் மூன்று மணி வரை, ஆளுக்கு 9 மணி நேரம். மணிக்கு 16 வெள்ளி நிற்கிறது. வாரம் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்ததை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் என் கேன்டீனை விட மோசமான வியாபாரம். கொள்ளை என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாதாமாதம் போகக் கட்டுப்படியாகாது, வருடத்துக்கு ஒருமுறை போகலாம்.

படம் வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. விலைச்சீட்டு படத்துக்குப் பின்னால் இருந்தது, திருப்பிப் பார்த்தேன், அப்படியே திருப்பி வைத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள், பெலாச்சானும் வேண்டாம் என்று சேர்த்து எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், மேசைக்கு அடியில் கொசு காலைப் பிடுங்கும், முழுக்கால் உடை நல்லது. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், 12.30 என்றால் 12.30 இல்லை. பணம் கியூஆரில் மட்டும், நோட்டு வாங்குவதில்லை. வண்டி நிறுத்த இடம் டுரியான் மரத்தடியில். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.