குத்துவாள் மதிப்பீடு: நம்பிக் கொடுக்கலாம்

ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் உள்ள ஒரு பழம்பொருள் கடையில் 1933 மாடல் எஸ்.ஏ. (நாஜிக் கட்சியின் துணைப்படை) குத்துவாளை மதிப்பிடக் கொடுத்தேன், வேலை சுத்தம். முதலில் அலகின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். 1934இல் எஸ்.ஏ. தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் கொல்லப்பட்டதும் அவர் பெயர் பொறித்த வாசகத்தைத் தேய்த்து அழிக்க உத்தரவு வந்தது, அதனால் அது முழுசாக மிஞ்சிய வாள் அரிது, விலை எங்கேயோ போகும், போலிகளும் அதில்தான் அதிகம். என்னுடையதில் சாணை பிடித்த கோடுகள் லென்ஸில் தெளிவாகத் தெரிந்தன, ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம். மரக் கைப்பிடியின் இரு முனைப் பூணும் நிக்கல் சில்வர், பிற்காலத்து மட்டமான துத்தநாகம் இல்லை, ஆகவே ஆரம்பகாலத் தயாரிப்பு என்றார்கள். பாலீஷ் போட்டுவிடாதீர்கள், விலை விழுந்துவிடும் என்றும் எச்சரித்தார்கள். சான்றிதழ் கட்டணம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அப்புறம், ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது அங்கே சட்டப்படி குற்றம், கண்ணாடிப் பெட்டியில் எல்லாவற்றையும் மறைத்தே வைத்திருக்கிறார்கள், அது ரொம்பச் சரி.