நான்கு பொங்கல் பயணங்கள், விறைத்த விரல்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டும் கைக்குச் சூடு தேடினால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். "கடற்கரையில் குளிருக்கு ஹீட்டரா தம்பி?" என்று கேட்ட கராஜ் அண்ணன்தான் பிறகு அதைப் பூட்டியும் தந்தார்.

அக்கா நுவரெலியாவில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு ஆண்டுகளாகப் பொங்கலுக்கு 150 சிசி மோட்டார் சைக்கிளில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி வழியாகப் போய்வருகிறேன். மாத்தளை வரை மழைதான் தொல்லை. ரம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கினால் விரல்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை மாத இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. முதல் ஆண்டு நனைந்த நூல் கையுறையோடு போய் இறங்கினேன். ஹெல்மெட் பட்டியை அத்தான்தான் கழற்றிவிட்டார். ஈரத்துணி காற்றில் உலரும்போது கையின் சூட்டையும் கொண்டுபோகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த ஆண்டு கைப்பிடி ஹீட்டர். 12 வோல்ட், 3 ஆம்பியர். உள்ளங்கை தோசைக்கல்லாகக் கொதித்தது, விரல்களின் வெளிப்புறமோ காற்றில் கிடந்தது. இடக்கைக்கு எப்போதும் சூடு குறைவு. அந்தப் பிடி நேரே இரும்புக் குழாயில் இருப்பதால் குழாய் சூட்டைக் குடித்துவிடுகிறது. வலப்பக்கம் அக்சிலேட்டரின் பிளாஸ்டிக் உறை அதைத் தடுக்கிறது. பேட்டரியில் நேரடியாக இணைத்திருந்த அதை ஓர் இரவு அணைக்க மறந்தேன். 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. விடிந்ததும் அத்தான் தள்ள, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தள்ள, ஒரே திருவிழா. பிறகு ரிலே என்ற மின் சுவிட்சை வைத்து, சாவியை அணைத்தால் ஹீட்டரும் அணையும்படி இணைத்தோம். முறுக்கி முறுக்கி வலப்பக்க வயர் அறுந்ததும் ஹீட்டரை விட்டுவிட்டேன்.

உண்மையில் உதவியது ரெக்சின் பைதான். சீட் உறை தைப்பவரிடம் சொல்லி, உள்ளே கம்பளி வைத்து, கைப்பிடியை முழுதாக மூடும்படி தைப்பித்தேன். பார்வைக்கு மாட்டின் வாய்க்கூடை! ஆனால் காற்று நின்றது. அதன்பின் மெல்லிய கையுறையே போதும். தம்புள்ளை நேர்வீதியில் மட்டும் ஒரு வில்லங்கம். வேகத்தில் காற்று பையை அமுக்க, பை பிரேக் லீவரை அமுக்க, பின்னால் பிரேக் விளக்கு எரிந்தபடியே வந்திருக்கிறது. பின்னால் வந்த லொறிக்காரர் சொல்லித்தான் தெரியும். பிளாஸ்டிக் கைக்காப்பைப் பூட்டி அதன்மேல் பையைப் போர்த்தியதும் தீர்ந்தது. ஹோர்ன் பட்டனைத் தடவித் தேடப் பழக வேண்டும், ஊருக்குள் கழற்றிவிடுவேன்.

மழைக்கு, பாத்திரம் கழுவும் பெரிய இறப்பர் கையுறை. முதலில் நூல் கையுறைக்கு உள்ளே போட்டபோது வியர்வையில் கை ஊறிப்போனது. இப்போது நூல் கையுறைக்கு மேலே போட்டு, ரெயின்கோட்டின் கைநுனியை அதன்மேல் இழுத்துவிடுகிறேன். மாறிப் போட்டால் வழியும் தண்ணீர் நேரே உள்ளேதான். ஸ்வெட்டரும் அவசியம். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் முதலில் கைவிடுவது விரல்களைத்தான்.

ரெக்சின் தையல் ஓரத்தில் பிரியத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டும். கராஜ் அண்ணனும் ஒரு சோடி சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் கந்தளாய்க்கு மீன் கொண்டுபோகும் மைத்துனருக்காம்.