குளிர்காலப் பந்தயம்: சேற்றிலா, சாலையிலா?

ஓட்டக் குழுவாகக் குளிர்காலத்தில் இறங்குவதென்றால் கிராஸ் கன்ட்ரியா, சாலையில் 10 கி.மீ.யா என்ற கேள்வி வரும்.

கிராஸ் கன்ட்ரியில் சேறு, புல், மேடு பள்ளம். நேரத்தைவிட எத்தனையாவது இடத்தில் வருகிறோம் என்பதுதான் முக்கியம். குழுவில் முதலில் வரும் சிலரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. நான்கு பேர் கணக்கில் வரும் போட்டியில் 3, 8, 15, 20 என்று முடித்தால் 46. அந்த நான்காமவர் கடைசியில் இரண்டு பேரை முந்தினால் 44! வேகம் குறைந்தவருக்கும் வேலை இருக்கிறது. ஸ்பைக்ஸ் ஷூ (அடியில் சிறு முட்கள் உள்ள காலணி) மட்டும் இருந்தால் நல்லது.

சாலையில் ஓடினால் சொந்த நேரத்தை ஒப்பிடலாம். வசந்தகால மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கு அதுவே சரி. ஆனால் பனி உறைந்தால் வழுக்கும், அப்புறம் அவரவர் ஓட்டம் அவரவருக்கு.

குழுவுக்கு என்றால் நான் சேற்றையே சொல்வேன்.